நா வரை அச்சான பெயர்

மலம் என்று நாங்கள் சொல்வதில்லை.
சாம்பிள்.
அப்படிச் சொன்னால் நாசி லெமாக் பொட்டலத்தைப்
பக்கத்து அறையில் பிரிக்க முடிகிறது.

ஜார்ஜ்டவுன். நுண்ணுயிர்ப் பிரிவு. இரவுப் பணி.
பட்டர்வொர்த்துக்குப் போகும் கடைசி ஃபெர்ரியின் வெளிச்சம்
கண்ணாடியில் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போகும்.
மூடியைத் திறக்கும் முன்பே நோர்ஹாயாத்தி
'இது அதுதான்' என்பாள்.
லாயமும் புளித்த இனிப்பும் கலந்த வாடை.
பதினோரு வருஷத்தில் அவள் மூக்கு
நான்கு முறைதான் தப்பியிருக்கிறது.
இயந்திரம் அதைவிட அதிகம்.

விதி எளியது:
புட்டியின் வடிவத்துக்கு வழிவதை மட்டும் சோதிப்போம்.
குச்சி நிமிர்ந்து நின்றால்
வந்த வழியே அனுப்பிவிடுவோம்.

அன்றைக்கு இரண்டு வழிந்தன.

ஊய் சியூ லான், எழுபத்தொன்று, இடுப்பு எலும்பு முறிவு.
அவளுடைய குழியில் மஞ்சள்
கல்யாண வீட்டு மஞ்சளாய் ஏறியது.
நஞ்சின் அளவு, மானியின் கூரையில் முட்டி நின்றது.
நீர்க்கச் செய்து மறுபடி ஓட்டினேன்.
மறுபடியும் கூரை.

அடுத்தவரின் பெயர் முழுசாக இல்லை.
எங்கள் லேபல் இயந்திரம் பன்னிரண்டு ரோமன் எழுத்துக்கு மேல்
யாரையும் பொறுக்காது.
பரஞ்சோதிநா
என்று அடித்துவிட்டு நின்றிருந்தது.
நாவோடு முடிந்துபோன மனிதர்.
ஐம்பத்தெட்டு. நெஞ்சுச் சளிக்கு ஒன்பது நாள் ஆன்டிபயாட்டிக்;
குடலில் காலங்காலமாய்க் குடியிருந்ததை எல்லாம்
அது காலி செய்து கொடுக்க,
திறந்த வீட்டில் இது புகுந்திருக்கிறது.
அவர் குழியில் மஞ்சள்
எலுமிச்சைத் தோல் கழுவிய தண்ணீர் மாதிரி.
கோட்டுக்கு ஒரு நகக்கண் மேலே.

வார்டுக்குப் போன் செய்தேன்.
புது ஹவுஸ்மேன். தூக்கத்தை மென்றுகொண்டிருந்த குரல்.
'பாசிட்டிவ். ஆனா குறைவு.'
'குறைவா?'
'குறைவு.'
அவன் மூச்சு விட்டது காதில் பட்டது.
பின்னால் ஒரு தாதி:
'நாக்கு காஞ்சி ஒட்டிக்கிச்சு டாக்டர்.
சாயங்காலத்திலேருந்து போகவே இல்ல,
வயிறு மட்டும் மேளமாட்டம்.'
'நின்னுடுச்சா? அப்ப நல்லது.'

நல்லதில்லை.
குடல் செயலிழந்தால் போக்கும் நின்றுபோகும்.
எனக்குத் தெரியும்.
எனக்குத் தெரிவதற்கு யாரும் சம்பளம் தருவதில்லை.
போனை வைத்தேன்.

நான்காம் நாள் ஊய் அம்மாள்
கஞ்சியில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளிவிட்டு
சார் குவே தியாவ் வேண்டுமென்று மகனோடு சண்டை போட்டாளாம்.
கட்டிலை பிளீச் ஊற்றிக் கழுவிய குமுதவல்லி சொன்னாள்.
(கைக்குத் தேய்க்கும் ஆல்கஹால் இதன் வித்துக்கு
தீர்த்தம் தெளித்த மாதிரி.)
கிழவியின் ரத்தத்தில் எப்போதோ
இந்த நஞ்சுக்கு ஒரு காவல் முளைத்திருக்கலாம்.
எவ்வளவு விழுந்தது என்று அளப்பேன்.
எதன் மேல் விழுந்தது என்று அளக்க
என் தட்டில் குழி கிடையாது.

அதே நாள் மத்தியானம்
ஒரு பெருங்குடல், முழுசாக,
ஃபார்மலின் வாளியில் பக்கத்துப் பிரிவுக்கு வந்தது.
வாளியில் ஒட்டியிருந்ததும் நா வரைதான்.
உடன் வந்த தாளில் யாரோ பேனாவால்,
கட்டத்தைத் தாண்டி, ஓரத்தில் ஏறி, எழுதியிருந்தார்கள்:
பரஞ்சோதிநாதன்.

அவர் மேசையிலிருந்து உயிரோடு இறங்கினாரா என்பதற்கு
அந்தத் தாளில் இடமில்லை.
நான் யாரிடமும் கேட்கவில்லை. இரண்டு முறை
வார்டு எண்ணை அழுத்தி, மணி அடிக்குமுன் வைத்துவிட்டேன்.

இப்போதெல்லாம் எண்ணைச் சொன்ன பிறகு
போனை உடனே வைப்பதில்லை.
'வயிறு எப்படி இருக்கு?' என்கிறேன்.
'வெள்ளணு எத்தனை? காய்ச்சல்?'
மறுமுனையில் ஒரு நொடி எரிச்சல்.
'நீங்க லேப்தானே?'
'ஆமா,' என்கிறேன்,
'லேப்தான். வயிறு எப்படி இருக்கு?'