வரிசை எண் ஏழு

வியாசர்பாடியில் மழை என்று யாரும் சொல்வதில்லை.
மய என்போம். தூறினாலும் மய,
கணேசபுரம் சுரங்கப்பாதையில்
பஸ் பாதி மூழ்கி நின்றாலும் அதே மய.

ஜூலையில் ஆறு டேப்லெட் வந்தன,
முப்பத்துநாலு பிள்ளைகளுக்கு.
திரையில் ஒரு பச்சைக் கிளி.
பிள்ளை வாசிக்கும், கிளி கேட்கும்,
நூற்றுக்கு இத்தனை என்று சொல்லும்.
பிழையான எழுத்து சிவந்துபோகும்.
தரமணியிலிருந்து விளக்க வந்த பையன்
லட்சம் குரல் கேட்டுப் பழகிய கிளி என்றான்.
யாருடைய குரல் என்று கேட்க வாயெடுத்தேன்,
டீ வந்துவிட்டது.

ஏழை உழவன் வாழை நட்டான், மழை பொழிந்தது.

இந்த வாக்கியத்தை எழுதியவர்
எங்கள் தெருவுக்கு வந்ததே இல்லை.
ஏய ஒயவன் வாய நட்டான் என்று
மொய்தீன் கம்பீரமாக வாசித்தான்.
கிளி சிறகைத் தொங்கப்போட்டது.
இருபத்தொன்று.
எஸ்தர் பதினெட்டு.
கிளிக்கு ஜலதோஷம் மிஸ் என்றான் தணிகாசலம்,
அவனுக்கு ஒன்பது.

கொடு இங்கே என்று வாங்கினேன்.
பயிற்சிப் பள்ளியில் இரண்டு வருஷம்
நாக்கை மடித்து மடித்து
ராயபுரத்தைத் துப்பிவிட்டு வந்தவள் நான்.
மேலே ஃபேன் கடகடக்க,
வெளியே தண்ணீர் லாரி ரிவர்ஸில் பாட,
வாசித்தேன்.
அறுபத்திரண்டு.
வகுப்பே பெஞ்சைத் தட்டியது.
அன்று முழுக்க நான் சிக்ஸ்டி டூ மிஸ்,
முதுகுக்குப் பின்னால்,
நன்றாகக் கேட்கும்படி.

ஏகவல்லி மட்டும் சிரிக்கவில்லை.
ஜூன் மாதத்திலிருந்து அவள்
எதற்கும் வாய் திறந்ததில்லை.
பெயர் கூப்பிட்டால் கை.
சுண்டல் போதுமா என்றால் தலை.
கொஞ்சிப் பார்த்தேன், அதட்டிப் பார்த்தேன்,
அம்மாவை வரச்சொன்னேன்.
வூட்ல நல்லா பேசுது மிஸ் என்றாள்,
அதோடு சரி.

வியாழக்கிழமை ஒரு டேப்லெட் குறைந்தது.
இரும்பு பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே,
உடைந்த குளோப்புக்கும்
ஆண்டுவிழாக் காகிதக் கிரீடத்துக்கும் பக்கத்தில்,
முழங்காலில் கிளியை நிறுத்திவைத்துக்கொண்டு
உட்கார்ந்திருந்தாள்.
பார்க்காத மாதிரி வந்துவிட்டேன்.
எட்டாம் வாய்ப்பாட்டைக் கொஞ்சம் சத்தமாகவே நடத்தினேன்.

மாலை கணக்கெடுத்தபோது
வரிசை எண் ஏழு: நாற்பத்தோரு முயற்சி.
பதினொன்று. பதினொன்று. ஏழு. பதினான்கு.
எனக்குத் தெரியும் என்னை.
மூன்றாம் தடவை திருத்தியிருப்பேன்,
ஐந்தாம் தடவை பெருமூச்சு விட்டிருப்பேன்,
அந்த மூச்சு அவளுக்குக் கேட்டிருக்கும்.
கிளிக்கு மூச்சில்லை. அது ஒரு சௌகரியம்.

ஒலிப்பதிவுகளை ஒவ்வொன்றாகப் போட்டேன்.
ஏய. ஏள. ஏ... கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. லாரி.
என் குரல், எட்டெட்டு அறுபத்துநாலு.
இருபத்தாறாவதில் வாக்கியமே இல்லை.
கிசுகிசுப்பாக, ஆனால் தெளிவாக:

ஏ கிளி, இத்தினி வாட்டி கேக்குறியே,
உனுக்குக் காது வலிக்கல?

அதற்கு நேரே கிளி போட்டிருந்தது
பூஜ்ஜியம்.
வாசிப்பு எதுவும் இல்லை. மீண்டும் முயல்க.

நாலு மணிக்குள் மதிப்பெண் ஏற்றவேண்டும்.
பிள்ளை கேட்ட கேள்விக்கு அதில் கட்டம் இல்லை.
சராசரி பன்னிரண்டு என்று போட்டேன்.
வட்டம் சுற்றிச் சுற்றி நின்றது, பிறகு போனது.
இருபத்தாறாவதை இன்னொரு முறை கேட்டேன்.
சார்ஜ் மூன்று சதவீதம்.

இன்று காலை வாட்ச்மேனும் தணிகாசலமும் நானும்
பீரோவை ஒரு முழம் முன்னால் நகர்த்தினோம்.
எதுக்கு மிஸ் என்றான்.
பிளக் பாயிண்ட் அந்தப் பக்கம் கீது,
பேசாம இஸ்து வுடு என்றேன்.