ரசீது இல்லாத மணல்

கொக்கிரகுளத்தில் மூடிக்கிடந்த ஊதுபத்தி கோடவுனை
ஒன்பது நாள் வாடகைக்கு எடுத்திருந்தேன்.
சீவலப்பேரியிலிருந்து லோடு ஆட்டோவில்
பதினேழு யூரியா சாக்கு ஆற்றுமணல்.
தரையில் பரப்பி
நடுவில் ஓர் ஆள் படுத்தெழுந்த பள்ளம்.
மேலே நாற்பது வாட் பல்பு.
அவ்வளவுதான் என் கண்காட்சி.

முதல் நாளே வந்துவிட்டார் குற்றாலிங்கம்.
மின்வாரியத்தில் முப்பது வருஷம் கணக்கெழுதியவர்.
'உரைகல்' என்று நாலு பக்கப் பத்திரிகை,
எழுதுகிறவரும் அவர்தான்
பிழை திருத்துகிறவரும்
பாளை பஸ் ஸ்டாண்டு கடையில் கொண்டுபோய்த்
தொங்கவிடுகிறவரும்.
வண்ணாரப்பேட்டை பொன்சிங்கின் நீலச் சதுரத்தை
'வெள்ளையடிக்க வந்தவன்
முன்பணத்தோடு ஓடிப்போன சுவர்' என்று எழுதினார்.
பொன்சிங் இப்போது தூத்துக்குடியில்
கப்பலுக்குப் பெயின்ட் அடிக்கிறான்.
நன்றாக அடிக்கிறானாம்.

மணலை ஒரு சுற்று வந்தார்.
குனிந்தார். மறுபடி ஒரு சுற்று.
'இதுக்குப் பேரு?'
'பெயரிடப்படாதது, நான்கு.'
'பேரு வைக்கவே சடவா இருக்கா தாயி?
முன்னால மூணு பெத்து
அதுகளையும் இப்படித்தான் விட்டியாக்கும்.'

பிறகு, வழக்கம்போல, கிருஷ்ணாபுரம்.
அங்கே கல்லில் ஒருத்தனுக்கு
விலாவெலும்பை எண்ணிவிடலாம்,
நகத்துக்கடியில் சதை தெரியும்.
'அவன் உளி பிடிச்சான். நீ சாக்கைக் கவுத்துட்டே.'
பார்வையாளர் நோட்டில்
முத்துமுத்தாக எழுதினார்:
'கட்டட வேலை நடக்கிறது. மேஸ்திரியைக் காணோம்.'

நாலாம் நாள் வி.ஏ.ஓ. வந்தார்,
பின்னால் ஒரு தலையாரி, ஒரு போலீஸ்காரர்.
யாரோ மனு போட்டிருக்கிறார்கள்,
ஆற்றுமணல் பதுக்கல் என்று.
பர்மிட் எங்கே, நடைச்சீட்டு எங்கே, ரசீது?
'இது கலைங்க' என்றேன்.
'எது?'
நான் கை காட்டிய இடத்தில்
மணல்தான் இருந்தது.

ராத்திரி முழுக்கத் தார்ப்பாய் மூடிய லாரிகள்
பாலம் அதிரப் போகிற ஊரில்
என் பதினேழு சாக்குக்கு மகஜர் எழுதி
கதவுக்கு அரக்கு வைத்தார்கள்.

விவரம் தெரிந்த உள்ளூர் ஆள் ஒருவர்
கலைதான் என்று எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம்,
இது தாலுகா ஆபீஸ்.
விவரம் தெரிந்தவர் யார் என்று
கேட்ட இடமெல்லாம்
ஒரே பெயரைச் சொன்னார்கள்.

முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.
நான் முடிக்கும்வரை கை நிற்கவில்லை.
'அந்த மனு நான் போடலே.'
'தெரியும் சார்.'
'போட்டிருந்தா சந்திப்பிழை இருந்திருக்காது.'

ஒரு தாள் எடுத்தார்.
அரைமணி நேரம்.
ஒரு வரியை அடித்தார், திரும்ப அதையே எழுதினார்.

'பேராச்செல்வி என்பவர் வசமுள்ள மேற்படி மணல்
கட்டடத்துக்கு உரியதன்று.
அதில் ஓர் ஆள் படுத்த தடம் உள்ளது.
தலை கிழக்கே. இடது முழங்கால் மடங்கியுள்ளது.
தடம் அழிந்தால் மணல்.
அழியாதவரை, மோசமானதே ஆயினும்,
கலை.'

இடது முழங்காலை
அதுவரை ஒருவரும் பார்த்திருக்கவில்லை.
அந்த வெளிச்சத்தில் எனக்கே தெரியாது.

அரக்கை உடைத்துக் கொடுத்தார்கள்.
அந்த மாத 'உரைகல்'லில் முக்கால் பக்கம் திட்டு,
'மூச்சு விடத் தெரியாத பள்ளம்' என்று தலைப்பு.
இரண்டு பிரதி வாங்கினேன்.

ஒன்பதாம் நாள் இரவு
மணலை அள்ளிக்கொண்டு திரும்பப் போனேன்.
செக்போஸ்டில் நிறுத்தினார்கள்.
ஆற்றுக்கு மணல் கொண்டுபோக
என்ன சீட்டு என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை.
குற்றாலிங்கத்தின் தாளை நீட்டினேன்.
ஏட்டு டார்ச் அடித்து
எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே வந்து
கடைசிச் சொல்லில் நின்றார்.

'கலைன்னு சொல்லுதாரா, இல்ல
கலைச்சிரச் சொல்லுதாரா?'