இரண்டு சீட்

பீட்டர்பரோவில், உப்புத் தூவிய முற்றத்தில்
டாரில் அதற்குள்ளிருந்து இறங்கினான்,
மடக்கிய குடை விரிவதுபோல:
முதலில் முழங்கால், பிறகு தொப்பி,
கடைசியில் மிச்ச ஆறடி.

இரண்டாயிரத்து ஆறு. டீசல்.
ஒரு லட்சத்து எண்பத்தேழாயிரம் கிலோமீற்றர்.
"இப்போது இதைச் செய்வதில்லை, தெரியும்தானே"
என்றான், கிழட்டு நாயின் வயதைச் சொல்லும் குரலில்.

கூட வந்த கெங்காதரன் அண்ணை
பனியில் அட்டையை விரித்து
மல்லாக்கப் படுத்துக் கீழே பார்த்தார்.
பின் ஸ்பிரிங் ஒன்று முறிஞ்சுபோச்சாம்.
சாமான் ஜெர்மனியிலயிருந்து வரவேணுமாம்.
"கொம்பனியே கைகழுவின பிள்ளை, தங்கச்சி.
உந்தக் காசுக்கு நல்ல வான் ஒண்டு எடுக்கலாம்."

வான்.

பதினாறு வருசம் வான் ஓட்டினேன், அண்ணை.
எட்டுச் சீட்.
கோயிலுக்கு மாமியையும் மாமியின் அக்காமாரையும்,
பியர்சனுக்கு, யாரோ யாரையோ கூட்டிவர,
சாமத்தியவீட்டுக்குத் தவில்காரரை,
செத்தவீட்டுக்கு இடியப்பத்தை.
"தர்மினியின்ர வான்தானே போகுது" என்பார்கள்,
வான் தானாகப் போவதுபோல.

மூவாயிரம் கேட்டான். இரண்டாயிரத்து நானூறு என்றேன்.
பேரம் பேச எனக்குக் குரல் நடுங்கும்.
அன்றும் நடுங்கியது. குளிர் என்று நினைத்திருப்பான்.
ஸ்பிரிங்கைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
சாவியிலிருந்து தன் மீன்பிடி வளையத்தைக் கழற்றினான்.

நூற்றுப் பதினைந்தில்
கியர் மாறும்போதெல்லாம் ஒரு கணம் யோசிக்கிறது,
தலையாட்டிவிட்டுத்தான் போகிறது.
லொறி கடந்தால் ஒரு முழம் ஒதுங்குகிறது.
அண்ணை தன் காரில் பின்னால் வந்தார்
நாலு பக்க விளக்கும் மினுங்க, பிரேதம் கொண்டுபோவதுபோல.

பிக்கரிங்கில் கோப்பிக்கு நிறுத்தினோம். வத்சலா மச்சாள் எடுத்தாள்.
ஞாயிறு நிச்சயதார்த்தமாம், ஐந்து பேராம், பலகாரத் தட்டுகளுமாம்.
"இடமில்லை" என்றேன்.
சுகமில்லை, வேலை, பிள்ளைக்குச் சோதனை,
இப்படி எத்தனை சொல்லியிருப்பேன்.
இதுதான் பொய்யில்லாதது.
மறுமுனையில் அவள் கொஞ்சநேரம்
கியர் மாற்றிக்கொண்டிருந்தாள்.

வரும் வழியில் உறைந்த விளைமீன் இரண்டு வாங்கிப்
பின்னால் வைத்தேன்.
என்ஜின் அங்கேதான் இருக்கிறதென்று
டாரிலும் சொல்லவில்லை, அண்ணையும் சொல்லவில்லை.
மார்க்கம் வந்து இறங்க
மீன் பாதி இளகி, பை முழுக்கத் தண்ணீர்.

அடுத்த முறை பக்கத்துச் சீட்டில் வைப்பேன்,
பெல்ட்டும் போட்டு.