தட்டச்சில் ஒரு முட்செடி

ஸலாவு நகரம், பிப்ரவரி.
ஒன்பது மணிக்கு மின்சாரம் போய்விடும்,
அதற்குள் முடித்துக் கொடு என்றார் கேப்டன் ட்ரகோமிர்.
கேட்டதைக் கேட்டபடி எழுதுவது என் உத்தியோகம்.
ஹெட்போனுக்குள் ஒலிநாடா இரைகிறது:
இருமல், பெஞ்சு நகரும் ஓசை, ஒரு குழந்தையின் சிணுங்கல்,
பிறகு போதகர் தியோஃபில்.
ரொட்டி வரிசையில் எனக்கு முன்னால் நிற்கிற மனிதர்.
அங்கே வாயே திறக்கமாட்டார்.

மரங்களெல்லாம் கூடிப் பேசினவாம்
தங்களுக்கொரு ராஜா வேண்டுமென்று.
ஒலிவமரத்திடம் போய் நின்றன.
எண்ணெய் சுரப்பதை விட்டுவிட்டு
உங்கள் தலைக்குமேல் ஆடிக்கொண்டிருக்க
எனக்கென்ன தலையெழுத்தா என்றது அது.
அத்திக்குத் தன் தித்திப்பு. திராட்சைக்குத் தன் ரசம்.
கடைசியில் முட்செடி சம்மதித்தது.
வாருங்கள், என் நிழலில் ஒதுங்குங்கள் என்றதாம்.

சபையில் சிரிப்பு, என்று தட்டச்சு செய்தேன்.
அதில் ஒரு சிரிப்பு என் அத்தை மகளுடையது.
அதை எழுதவில்லை.

கேப்டன் சிவப்புப் பென்சிலால் கோடிட்டார்.
முட்செடி என்றால் யார்?
அவர் தலைக்குமேல் ஆணியில் தொங்கியது
எல்லா அறைகளிலும் தொங்கும் படம்.
நான் அண்ணாந்து பார்க்கவில்லை. அவரும்தான்.
செடி, தோழரே, என்றேன். ஆடுகூடக் கடிக்காது.

நாடா இன்னும் ஓடியது.
முள் முள்ளாகத்தான் இருக்கும்,
அதில் பிடித்த தீ கேதுருவரைக்கும் ஏறும், பழைய கதை,
நான் கேட்பது வேறு, என்று குரலைத் தாழ்த்தினார் போதகர்.
ஒலியைக் கூட்டினேன்.
அன்றைக்கு ஒலிவமரத்துக்கு என்ன அவசரம்?
நல்ல எண்ணெய்தான். இல்லையென்று யார் சொன்னது?
சகோதரி சஃப்தாவின் பிளம் தோப்பை
கூட்டுப்பண்ணைக்கு அளந்தார்களே, அந்த வருடம்,
அவள் மனதார எழுதிக் கொடுத்தாள் என்று
சாட்சி சொல்ல இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.
ஒரு கையெழுத்து என்னுடையது.
ஞாயிறு ஆராதனை நிற்காமலிருக்க, என்று
அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அதற்குப் பின் நாற்பது விநாடி.
யாரும் இருமவில்லை.
இந்தப் பொறியின் ஒவ்வொரு எழுத்துக்கும்
மிலிஷியாவிடம் மாதிரி இருக்கிறது;
இந்த நாற்பது விநாடிக்கு விசை எது?

கேப்டன் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார்.
இதில் குற்றம் ஒன்றுமில்லையே,
வெட்டிவிடு, தாள் வீண்.
வெட்டினேன். கார்பன் பிரதி
கோட்டின் உட்பையில் மடங்கிக் கிடந்தது,
ஏனென்று கேட்டால் எனக்குத் தெரியாது.

மறுநாள் எண்ணெய் வரிசை.
ஆளுக்கு ஒரு லிட்டர், மாதத்துக்கு,
அதுவும் சூரியகாந்தி, கசடோடு.
எனக்கு முன்னால் தியோஃபில், கையில் காலிப் பாட்டில்.
பனியில் என் காலணி நனைந்துவிட்டது.
இருபத்தாறு வருட அரசாங்க வேலை,
ஓய்வூதியத்துக்கு இன்னும் மூன்றே வருடம்.
அவர் பிடரியைப் பார்த்துச் சொன்னேன்:
உங்கள் கூடத்தில் ஒலிநாடா ஓடுகிறது.

திரும்பவில்லை.
தெரியும், என்றார்.
வரிசை ஓரடி நகர்ந்தது.