தலை மட்டும்

உறையைப் பிரித்தவள் லவோன்.
ஏலக்கூடம் அனுப்பிய காசோலை,
ஒரு டாலர் பதினான்கு சென்ட்,
ஒன்பது கன்று ஈன்ற ஒரு முழுப் பசுவுக்கு.
லாரி வாடகை, கமிஷன், கொட்டில் கட்டணம்
எல்லாம் போக
மாட்டில் மிச்சம் இவ்வளவுதான்.
உறைமேல் ஒட்டியிருந்த தபால்தலை
நாற்பத்தெட்டு சென்ட்.

ஓரெஸ்ட் சிரித்தான்.
சிரிப்பு நிற்கவில்லை.
அவள் எழுந்துபோய்க் குழாயைத் திறந்துவிட்டாள்,
பாத்திரம் எதுவுமில்லாத தொட்டியில்.

மே மாதமே எல்லையை மூடிவிட்டார்கள்.
வடக்கே எவருடைய பண்ணையிலோ
ஒரே ஒரு மாடு;
மூளை கடற்பஞ்சாய்த் துளைத்திருந்ததாம்.
தொலைக்காட்சி தினமும் அதே பழைய படத்தைக் காட்டியது:
கடல் தாண்டிய நாட்டு மாடொன்று
ஈரச் சிமென்ட் தரையில் கால் பரப்பி
எழப் பார்க்கிறது,
எழப் பார்க்கிறது.
லவோன் ஒவ்வொரு முறையும் சொல்வாள்,
"யாராவது கொஞ்சம் வைக்கோல் போட்டிருக்கலாம்."

ஆல்பர்ட்டாவின் கோடையில்
விற்கமுடியாத மாடுகள் தின்றுகொண்டே இருந்தன.
மகன் எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போனான்.
நகரத்து ஜனங்கள் பரிவு கொண்டு
வாரம் இருமுறை தேவாலய மைதானத்தில்
மாட்டுக்கறி சுட்டுத் தின்றார்கள்.
நன்றி சொல்லிச் சொல்லி ஓரெஸ்டுக்கு வாய் வலித்தது.
கடையில் கொத்துக்கறி விலை மட்டும்
ஒரு சென்ட் இறங்கவில்லை.

ஜனவரியில்,
சினூக் காற்று ஒரு நாள் வீசி ஓய்ந்து
உருகியதெல்லாம் மறுபடி உறைந்த காலை,
தண்ணீர்த் தொட்டியருகே விழுந்தது
226.
பனியில் வழுக்கியதா,
உள்ளே ஏதும் வழுக்கியதா?
பின்னங்கால் நடுங்கியது.
குளிரில் எல்லா மாடும்தான் நடுங்கும்.
ஓரெஸ்ட் அதன் கண்ணையே பார்த்தான்.
அது அவனைத் தாண்டி எதையோ பார்த்தது.
மாடுகள் எப்போதும் அப்படித்தான் பார்க்கும்.
அப்படித்தானே?

மாலையில் வேலிக்கு அப்பாலிருந்து நெஸ்டர் வந்தான்.
காப்பி குடித்தான். ஹாக்கி பேசினான்.
போகும்போது மேசைமேல்
மண்வாரி இயந்திரத்தின் சாவியை வைத்தான்.
"தரை இரும்பாய்க் கிடக்கிறது.
ஆனால் இது தோண்டிவிடும்," என்றான்.
அவனுக்கு நானூறு மாடு,
இவர்கள் வாங்கிய அதே மூட்டைத் தீவனம்.
யாரும் எதையும் கேட்கவில்லை.

இரவு ஒன்றரைக்குத்
துப்பாக்கியோடு வெளியே போன ஓரெஸ்ட்
துப்பாக்கியோடே திரும்பி வந்தான்.
அவன் பூட்ஸைக் கழற்றுவதற்குள்
லவோன் எண்களை அழுத்தியிருந்தாள்.

விடிந்ததும் வந்த கால்நடை டாக்டர்
தாய் வீட்டுக்கு இன்னும் துணி துவைக்கப் போகும் வயது.
ஊசி போட்டாள். காத்திருந்தாள்.
"தலை மட்டும் போதும்," என்றாள்,
மன்னிப்புக் கேட்கும் குரலில்.
மற்றதைத் தார்ப்பாயில் மூடிவைத்தார்கள்.
கொயோட்டிகள் வராமலிருக்க
டிராக்டர் விளக்கை எரியவிட்டார்கள்.

பதினொரு நாள்.
நெஸ்டர் வீட்டிலும் விளக்கு அணையவில்லை.
சாலையில் வண்டிகள் எதிர்ப்பட்டபோது
ஸ்டியரிங்கிலிருந்து அவன் விரல் உயரவில்லை.
முப்பது வருஷமாக உயர்ந்த விரல்.

பன்னிரண்டாம் நாள் தொலைபேசியில் ஒரு சொல்:
இல்லை.
ஓரெஸ்ட் உட்கார்ந்தான்.
பிறகு சாவியை எடுத்துப்போய்
நெஸ்டரின் தபால்பெட்டியில் போட்டுவிட்டு வந்தான்,
கதவைத் தட்டாமல்.
எல்லை மூடியபடியே இருந்தது.

ஏப்ரலில், கன்று ஈனும் காலம்,
முழங்கைவரை ஈரத்தோடு
லவோன் ஓடிவந்து தொலைபேசியை எடுத்தாள்.
ஏலக்கூடத்துக் கணக்கர்.
அந்தக் காசோலையை நீங்கள் மாற்றவேயில்லையே அம்மா,
ஒரு டாலர் பதினான்கு சென்ட்,
எங்கள் கணக்கு மூடமாட்டேன் என்கிறது.

குளிர்பெட்டிக் கதவில்
காந்தத்துக்கு அடியில் இருந்தது அது.

"எங்களுக்கும்தான்," என்றாள்,
கொட்டிலில் அரைப்பிறப்பாய் நின்ற கன்றிடம்
திரும்பி ஓடினாள்.