யாரெல்லாம்

வேலைநிறுத்தம் முடிந்து பதினொரு நாள்.
வின்னிபெக்கில் மார்ச் மாதத்தை
வசந்தம் என்று நம்புவது காலண்டர் மட்டும்.
துறைக் கூட்டத்துக்கு நான் வாங்கி வைத்த டோனட் பெட்டியை
யாரும் திறக்கவில்லை.

டோரீன் ஃப்ரீசன் கதவோரம் உட்கார்ந்தார்,
கோட்டைக் கழற்றாமல்.
இருபத்திரண்டு வருடமாக ரசாயனக் கிடங்கின் சாவி
அவர் இடுப்பில்.
அசிட்டோன் எத்தனை லிட்டர் மிச்சம் என்பது
கணினிக்கு முன் அவருக்குத் தெரியும்.

நிகழ்ச்சி நிரலில் முதலாவது, பாதுகாப்புக் குழு.
அதற்கும் முன்னால் கை தூக்கினார்.
ஜனவரியில் எல்லாருக்கும் நான் அனுப்பிய கடிதம்,
நான்காக மடித்தது.
"'இதையும் கடந்து வருவோம்' என்று எழுதியிருக்கிறீர்கள், டாக்டர் குகா.
யாரெல்லாம்?"

ஆங்கிலத்தில் அந்தச் சொல் ஒன்றுதான்.
உள்ளே இருப்பவரையும் வாசலில் நிற்பவரையும்
ஒரே கம்பளியால் மூடிவிடும்.
தமிழில் எழுதியிருந்தால்
பேனா ஒரு நொடி தயங்கியிருக்கும்:
நாமா, நாங்களா?
துறைத்தலைவர் நாற்காலியில் மூன்று வருடம்.
அந்த ஒரு நொடியை நான் யாருக்கும் தந்ததில்லை.

பயிலரங்கில் சொல்லிக்கொடுத்த வாக்கியம்
நாக்கு நுனிவரை வந்தது:
உங்கள் உணர்வை மதிக்கிறேன்.
விழுங்கினேன்.
"உங்களைச் சேர்க்காமல்தான் எழுதினேன், டோரீன்.
எழுதும்போது அது எனக்கே தெரியவில்லை."

வெப்பக் குழாய் இரண்டு முறை தட்டியது.

"கார்க் கண்ணாடியை ஏற்றினீர்கள்" என்றார்.
"கிழக்கு வாசலில். நான் துண்டறிக்கையை நீட்டினேன்."
"குளிர் அப்படி இருந்தது."
"தெரியும். நான் அங்கேதான் நின்றேன்."

பிறகு ஃபெமியின் பக்கம் திரும்பினார்.
நைட்ரிக் அமிலத்தை ஆல்கஹாலுக்குப் பக்கத்தில் வைத்தவன் யார்,
கட்டடத்தில் எத்தனை பேர் தெரியுமா,
குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது.
ஆய்வு மாணவன், இருபத்தாறு வயது,
மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:
"கேட்க வேண்டிய ஆள் வாசலில் நின்றார்.
வெளியே வந்து கேட்க எனக்குப் பயம்.
விசாவில் ஏழு மாதம்தான் இருக்கிறது."

"அவனைக் கிடங்குக்கு அனுப்பியது நான்" என்றேன்.
கூட்டக் குறிப்பு எடுப்பவர் தலை நிமிர்ந்தார்.
இதை எழுதலாமா?
எழுதுங்கள்.

மன்னித்தேன் என்று டோரீன் சொல்லவில்லை.
நான் கேட்கவும் இல்லை.
சம்பள விஷயத்தில் நான் சொன்ன கணக்கு
இன்னும் தவறென்றே அவர் நினைக்கிறார்,
சரியென்றே நான் நினைக்கிறேன்.
"நாளை எட்டு மணிக்கு வா, காட்டுகிறேன்" என்றார் ஃபெமியிடம்.
என்னைப் பார்த்து, "நீங்களும்."

பாதுகாப்புக் குழுவுக்குத் தலைமை ஏற்பீர்களா என்றேன்.
"அதற்குச் சம்பளம் உண்டா?"
"டீனிடம் கேட்கிறேன்."
"அதையும் எழுதச் சொல்லுங்கள்."
டோனட்டில் ஒன்றை எடுத்துக் காகிதத்தில் சுற்றி
கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

மாலை, வாகன நிறுத்தம்.
தன் காரின் பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.
பக்கத்தில் நிறுத்திப் பொத்தானை அழுத்தினேன்.
மோட்டார் முனகியது. கண்ணாடி இறங்கவில்லை,
விளிம்பெல்லாம் உறைந்து போயிருந்தது.
அவர் பார்த்தார். சிரித்தாரா,
மூச்சுப் புகையா, சொல்லத் தெரியவில்லை.

கதவைத் திறந்து இறங்கினேன்.
என்ன பேசுவதென்று
யோசித்து வைத்திருக்கவில்லை.