ஆறு மூலை

நாளைக் காலை ஆறுக்கு அக்கரப்பத்தனைச் சந்தி.
இப்போது இரவு எட்டரை.
கூட்டுறவுக் கடையின் பின்கொட்டிலில்
ஏழு சைக்கிள்கள் தலைகீழாக நிற்கின்றன,
சீட்டும் ஹேண்டிலும் கோணிச்சாக்கில் ஊன்றி.
பன்னிரண்டு சக்கரங்கள் கூரையைப் பார்க்கின்றன.
மற்ற இரண்டும் ஃபஸ்லானின் மடியில்.
கம்பி கம்பியாகத் தட்டிக் காதைக் கொடுக்கிறான்.
"இது பொய் சொல்லுது" என்று
ஒன்றை மட்டும் கால் சுற்றுத் திருகுகிறான்.

விதி ஒன்றுதான்:
எழுபதுக்கு முன் செய்த வண்டி, கியர் கூடாது.
ஜெயசீலி டீச்சர் போட்ட விதி.
போன வாரம் அவளே வந்து மெதுவாகக் கேட்டாள்,
மூன்று கியர் என்றால் பரவாயில்லையா என்று.
சீட்டெழுதிப் போட்டோம். ஆறுக்கு ஒன்றில் தோற்றது.
அந்த ஒன்றும் தன்னுடையது இல்லையாம்.
யாருடையது என்று இன்னும் தெரியவில்லை.

என்னுடையது ஹம்பர்.
ஹட்டனில், பழைய இரும்புக் கடையில்,
தராசில் ஏற்றி வாங்கினேன். பத்தொன்பது கிலோ.
கழுத்தில் ஒரு தகரத் தகடு, கிராமசபை லைசன்,
ஐம்பத்தெட்டு, இலக்கம் நானூற்றுப் பன்னிரண்டு.
"டிஸ்பென்சரி மிஸ்ஸுக்கு இது எதுக்கு?"
என்றார் நிறுத்தவர்.
பதில் வரவில்லை. மிச்சக் காசை எண்ணி வாங்கினேன்.

பாதை என்று நாங்கள் சொல்வது:
பணிய டிவிசன் வரைக்கும் தார்.
பிறகு, தார் இருந்ததற்கு அடையாளம்.
பிறகு கல்.
கொழுந்து லொறி உழுத இரண்டு கோடு, நடுவில் புல்.
கவ்வாத்து வெட்டிய மலையோரம்
தேயிலைக் குச்சி சிதறிக் கிடக்கும்,
கூராக, டயருக்கென்றே சீவியதுபோல்.
பதினொரு மைலில் ஆறு மிதிப்பது, ஐந்து தள்ளுவது.
தள்ளுவதையும் சவாரிக் கணக்கில்தான் எழுதியிருக்கிறோம்.

அட்டைக்குச் சவர்க்காரம். காலுறையில் தேய்த்துக் காயவிடணும்.
உப்பு வேண்டாம், மழையோடு போய்விடும்.
ரொட்டியும் சம்பலும் கோகிலமலர் பொறுப்பு.
பம்பு இரண்டு, ஒன்றுக்கு வாசர் இல்லை.

பிரேக் கட்டைதான் எங்கும் கிடைக்கவில்லை.
நுவரெலியாவில் சிரித்தே அனுப்பிவிட்டார்கள்.
மரியசெல்வம் லொறி டயரை அறுத்து
இரண்டு வண்டிக்கு எட்டுக் கட்டை செதுக்கினான்,
எட்டும் எட்டு விதம்.
"ஈரத்துல பிடிக்குமா?"
"பிடிக்கும். கொஞ்சம் யோசிச்சுட்டுப் பிடிக்கும்."

ஒன்பதுக்குக் கரண்ட் போனது.
போனில் சார்ஜ் நாளைக்கு வேண்டும், யாரும் எடுக்கவில்லை.
லலித் தன் ராலியின் டைனமோவை
டயரில் சாய்த்து, பெடலைக் கையால் சுற்றினான்.
மஞ்சளாக, ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலத்துக்கு
என் செயின்மேல் வெளிச்சம் வந்தது.
கை மாற்றிக் கை மாற்றிச் சுற்றினோம்.
தேவதாசன் கதை சொன்னால் வெளிச்சம் மங்கும்,
கதையின் நடுவில் அவன் கை நின்றுவிடும்.
அதனால் அவனைச் சுற்றவும் விடவில்லை,
பேசவும் விடவில்லை.
டைனமோ மட்டும் தேனீபோல்.

பின் அச்சின் நட்டு என் விரலை விட்டு வழுக்கியது.
சிமெந்தில் ஒரு டிங்.
பிறகு சத்தமில்லை.
எல்லோரும் குனிந்தோம்.
சுற்றிக்கொண்டிருந்தவனும் குனிந்தான்.

கும்மிருட்டு.
யாரோ சிரிக்கத் தொடங்கி
எல்லோருக்கும் தொற்றியது,
எது யார் சிரிப்பு என்று பிரிக்க முடியவில்லை.
"சுத்துங்கப்பா யாராவது."
யாரும் சுற்றவில்லை.
தகரத்தில் முதல் சொட்டு. இரண்டாவது.
நாளைக்குக் கல் வழுக்கும். ஐந்து மைல் ஏழாகும்.
தரையைத் தடவினேன்: சாக்கு, ஸ்பேனர்,
கிரீஸ் படிந்த ஒரு முழங்கால்,
அதற்கு அப்பால், விரல் நுனியில்
சின்னதாக, சில்லென்று.
மூலைகளை எண்ணினேன். ஆறு.

உள்ளங்கையில் மூடிக்கொண்டேன்.
சொல்லவில்லை.
அவர்கள் இன்னும் கொஞ்சம் தேடட்டும்.